பிளக் மறுபடி மறுபடி ஏன் கரி கட்டுகிறது?

மேல்மலையனூர் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி ஆர்.எக்ஸ். 100 வண்டியைத் தள்ளிக்கொண்டே பட்டறைக்கு வந்தார். சட்டைப் பையில் ஒரு பாலிதீன் உறை, அதற்குள் நான்கு பிளக்குகள். "பிளக்கு மாத்தி மூணு நாள் கூட ஆவல தம்பி. போட்டா ஓடுது, அப்புறம் அடைச்சிக்குது. கடைக்காரரு இப்ப வர்ற பிளக்கே சரியில்லன்னு சொல்றாரு" என்றார். நான்கையும் செய்தித்தாள் விரித்து வரிசையாக வைத்துப் பார்த்தேன். நான்கும் ஒரே மாதிரி கறுப்பாக, பளபளவென்று, விரலில் ஒட்டும் ஈரத்தோடு இருந்தன. நான்கு பிளக்கும் கெட்ட சரக்காக இருக்க வாய்ப்பே இல்லை. வண்டிக்குள் ஏதோ ஒன்று நான்கையும் ஒரே விதமாகக் கெடுத்திருக்கிறது.

செஞ்சி வட்டாரத்தில் டூ-ஸ்ட்ரோக் வண்டிகளுக்கு இன்னும் வேலை இருக்கிறது. ஆர்.எக்ஸ். 100 உற்பத்தி 1996இல் நின்றுபோனது. ஆனாலும் மட்கார்டைத் தூக்கிக் கட்டி, பட்டன் டயர் போட்டு, ஏரிக்கரையிலும் சங்கராபரணி ஆற்று மணலிலும் அதை ஓட்டும் பையன்களைப் பார்க்கிறேன். பழைய டி.வி.எஸ். எக்ஸ்எல் வண்டிகள் வரப்போரம் நெல் மூட்டையும் பால் கேனும் சுமக்கின்றன. இந்த வண்டிகளுக்கு வரும் நோய்களில் அதிகம் பணம் வீணாவது பிளக் அடைப்பில்தான். ஒரு பிளக் பெரிய விலை இல்லை. ஆனால் பத்துப் பிளக் மாற்றிய பிறகும் காரணம் தெரியாமல் நிற்பவர் அடுத்து கார்புரேட்டரை மாற்றுவார், அதற்கடுத்து போர் பண்ணுவார், கடைசியில் வண்டியையே விற்றுவிடுவார். அந்த வரிசையைத் தடுக்கத்தான் இந்த அத்தியாயம்.

கரி எப்படித் தீப்பொறியை நிறுத்துகிறது

பிளக்கின் நடுக்கம்பியைச் சுற்றி வெள்ளைப் பீங்கான் மூக்கு ஒன்று இருக்கிறது. மின்சாரம் வேறு வழியில் ஓடாமல், கம்பிக்கும் வெளிக்கொக்கிக்கும் நடுவில் உள்ள இடைவெளியைத் தாண்டியே ஆகவேண்டும் என்பதற்காக அந்தப் பீங்கான். கரி மின்சாரத்தைக் கடத்தும். பீங்கான் மேல் கரி படிந்துவிட்டால், மின்னழுத்தம் ஏறுவதற்கு முன்பே அந்தக் கரி வழியாக மின்சாரம் பிளக்கின் உடம்புக்குக் கசிந்துவிடும். பொறி பலவீனமாகும், அல்லது வரவே வராது.

ஐடிலில் நன்றாக ஓடும் வண்டி, ஆக்சிலேட்டரைத் திருகியதும் விக்கி நிற்பதற்குக் காரணம் இதுதான். திருகும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடுகிறது. அழுத்தம் கூடினால் பொறி தாண்ட அதிக மின்னழுத்தம் வேண்டும். கரி பிடித்த பிளக்கால் அதைத் தாங்க முடியாது.

பீங்கான் மூக்கு சுமார் 450 முதல் 500 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடானால் தன் மேல் படியும் கரியைத் தானே எரித்துவிடும். 850க்கு மேல் போனால் ஆபத்து: பொறிக்கு முன்பே கலவை தானாகப் பற்றி, பிஸ்டன் ஓட்டையாகும். இந்த இரண்டு எல்லைகளுக்கு நடுவில்தான் பிளக் வாழவேண்டும். வரப்பில் முதல் கியரில், கால்வாசி ஆக்சிலேட்டரில், சுமையோடு ஊர்ந்து போகும் வண்டியில் பிளக் கீழ் எல்லையையே தொடாமல் போகலாம். மேல்மலையனூர் அமாவாசை ஊஞ்சல் உற்சவத்துக்குப் போகிற கூட்டத்தில் ஒரு மணி நேரம் ஊர்ந்த வண்டி கோயில் வாசலில் நின்றுபோனால், அதை நோய் என்றே சொல்லமாட்டேன். காலி ரோட்டில் பத்து நிமிடம் நன்றாக ஓட்டினால் பிளக் தெளிந்துவிடும். தெளியாவிட்டால்தான் மேலே படியுங்கள்.

முதலில் பிளக்கைக் கழற்றி, வெயிலில் வைத்துப் பாருங்கள்

துடைக்காதீர்கள். பலர் கழற்றிய கையோடு சட்டையில் துடைத்துவிட்டு என்னிடம் நீட்டுகிறார்கள். அதில் இருந்த எழுத்தையெல்லாம் அழித்துவிட்டுக் கடிதத்தைக் கொடுப்பது மாதிரி அது.

அடுப்புக்கரி போல மந்தமான கறுப்பு, தொட்டால் பொடியாக உதிர்கிறது என்றால் பெட்ரோல் அதிகம், அல்லது காற்று குறைவு. ஏர் ஃபில்டர், சோக், கார்புரேட்டர் பக்கம் போகவேண்டும்.

பளபளக்கும் ஈரக் கறுப்பு, பிசுபிசுப்பு என்றால் எண்ணெய் அதிகம். 2டி ஆயில் அதிகமா, கியர் ஆயில் உள்ளே வருகிறதா என்று பிரித்துப் பார்க்கவேண்டும்.

சுத்தமாக இருக்கிறது, ஆனால் பெட்ரோலில் நனைந்திருக்கிறது என்றால் கரியே பிரச்சினை இல்லை. பொறி வரவில்லை, அல்லது கார்புரேட்டர் நிரம்பி வழிந்திருக்கிறது.

நான்காவது ஒன்று டூ-ஸ்ட்ரோக்கில் அடிக்கடி வரும். பிளக் முழுவதும் நல்ல நிறத்தில் இருக்கும். இடைவெளிக்குள் மட்டும் தலைமுடி போல ஒரு கரித்துணுக்கு பாலம் போட்டிருக்கும். ஓடிக்கொண்டிருந்த வண்டி பட்டென்று நின்றிருக்கும். துணுக்கை எடுத்ததும் உதைத்தவுடன் கிளம்பும். இது சிலிண்டர் ஹெட்டிலும் பிஸ்டன் தலையிலும் பழைய கரி தடித்துப் போய், கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர்கிறது என்பதற்கு அடையாளம். ஹெட்டைக் கழற்றி டீகார்ப் பண்ணும் காலம் வந்துவிட்டது.

நிறத்தோடு இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள்: எப்போது அடைக்கிறது? காலையில் கிளப்பும்போதா, மெதுவாகப் போகும்போதா, நேர்ரோட்டில் வேகமாகப் போகும்போதா, மழையிலா? அந்த விவசாயி, "ஏரிக்கரையில ஏறி எறங்குன பிற்பாடு" என்றார். அந்தப் பதிலின் அருமை எனக்கு அன்று புரியவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

எண்ணெய்: இந்தப் பக்கத்தில் முதல் குற்றவாளி

எக்ஸ்எல் போன்ற வண்டிகளில் 2டி ஆயிலைப் பெட்ரோலிலேயே கலக்கிறோம். லிட்டருக்கு 20 மில்லி என்றால் ஐம்பதுக்கு ஒன்று. 40 மில்லி என்றால் இருபத்தைந்துக்கு ஒன்று. "கொஞ்சம் கூட ஊத்துனா இஞ்சினுக்கு நல்லது" என்பது நம் ஊரில் வேரூன்றிய நம்பிக்கை. அன்பினால் செய்வதுதான், ஆனால் அந்த உபரி எண்ணெய் முழுவதும் எரியாமல் பிளக்கிலும், எக்ஸாஸ்ட் வாயிலும், சைலன்சரிலும் கரியாகப் படிகிறது. மூடியால் அளக்காதீர்கள், மருந்துக் கடையில் கிடைக்கும் மில்லி கோடு போட்ட கிண்ணம் போதும். டாங்கில் நேராக எண்ணெயை விட்டுக் குலுக்குவதும் தவறு, அடியில் தங்கிவிடும். தனிக் கேனில் கலந்து ஊற்றுங்கள். சும்மா கிடந்த மோட்டார் ஆயிலை 2டிக்குப் பதில் ஊற்றுவது அதைவிட மோசம். அது எரிவதற்காகச் செய்த எண்ணெயே இல்லை.

ஆர்.எக்ஸ். வண்டியில் ஆட்டோலூப் பம்ப் இருக்கிறது. தனி டாங்கிலிருந்து ஆயிலை எடுத்து, ஆக்சிலேட்டர் திருகும் அளவுக்கு ஏற்ப இஞ்சினுக்குள் விடும். இதில் மூன்று தவறுகள் நடக்கும். ஒன்று, பம்ப் கேபிளை யாரோ இறுக்கி வைத்துவிட்டு, பம்ப் எப்போதும் பாதி திறந்தே கிடப்பது. கையேட்டில் சொன்ன ஆக்சிலேட்டர் நிலையில் பம்ப் சக்கரத்தின் குறியும் உடம்பின் குறியும் நேராக நிற்கவேண்டும். கேபிள் மாற்றும்போதெல்லாம் அதைப் பாருங்கள். இரண்டு, நிறுத்தி வைத்த வண்டியில் ஆயில் கசிந்து உள்ளே இறங்குவது. இரவு ஆயில் மட்டத்தில் கோடு போட்டு, இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். ஓடாமலே குறைந்திருந்தால் பம்பின் வால்வு பிடிக்கவில்லை. மூன்று, பம்ப் மீது நம்பிக்கை இல்லாமல் டாங்கிலும் ஆயில் கலப்பது.

நம் விவசாயி செய்தது மூன்றாவது. பம்பும் ஓடுகிறது, பெட்ரோலிலும் லிட்டருக்கு ஒரு மூடி. பம்பைச் சோதித்தேன், குறி நேராக இருந்தது. கலப்பதை நிறுத்தச் சொல்லி, புதுப் பிளக் போட்டு அனுப்பினேன். பத்து நாள் கழித்துத் திரும்பி வந்தார். மூன்று நாளில் செத்த பிளக் இப்போது பத்து நாள் தாங்கியிருந்தது. பாதிக் காரணம் போய்விட்டது, பாதி மிச்சம். பிளக் அடைப்பில் இப்படித்தான் பெரும்பாலும் நடக்கும். இரண்டு மூன்று சின்னக் குறைகள் சேர்ந்தால்தான் பிளக் சாகும். ஒன்றைச் சரிசெய்து, ஓட்டிப் பார்த்து, பிறகு அடுத்ததைத் தொடுங்கள். ஒரே நாளில் ஐந்தையும் மாற்றினால் எது காரணம் என்று வாழ்நாள் முழுக்கத் தெரியாது.

காற்றும் கார்புரேட்டரும்

அறுவடைக் காலத்தில் களத்துத் தூசியும் வைக்கோல் துகளும் பறக்கும். அந்த மாதங்களில் ஏர் ஃபில்டர் ஒரே வாரத்தில் அடைத்துக்கொள்ளும். ஸ்பாஞ்சு ஃபில்டரைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, நிழலில் முழுக்க உலர்த்தி, ஆயில் தடவிப் பிழிந்து மாட்டவேண்டும். சொட்டச் சொட்ட ஆயில் விட்டால் அதுவே காற்றை அடைத்துக் கரியை வளர்க்கும். ஃபில்டரையே கழற்றி எறிந்துவிட்டு ஓட்டுகிறவர்கள் ஒரு பிளக்கைக் காப்பாற்றி ஒரு பிஸ்டனைக் கொல்கிறார்கள்.

கார்புரேட்டரில் முதலில் சோக்கைப் பாருங்கள். சோக் பிளஞ்சரின் அடியில் சின்ன ரப்பர் ஒன்று உண்டு. அது கல்லாகிப் போனால், லீவரை மூடினாலும் உள்ளே வழி மூடாது. வண்டி எப்போதும் சோக் போட்டது போலவே ஓடும். அடுத்து ஃப்ளோட் நீடில். பெட்ரோல் டேப்பைத் திறந்து வைத்து ஐந்து நிமிடம் கழித்து ஓவர்ஃப்ளோ குழாயில் சொட்டு விழுகிறதா என்று பாருங்கள். இரவில் டேப்பை மூடும் பழக்கம் இல்லாதவர் வண்டியில் இந்தச் சொட்டு கிராங்க் கேஸ் வரை இறங்கிவிடும். இப்போது பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் வருகிறது. பழைய வண்டியின் ரப்பர்கள் அதை மனதில் வைத்துச் செய்தவை அல்ல; அவை ஊதிப்போய்ச் சிக்குவதுண்டு. எத்தனால் தண்ணீரையும் இழுக்கும். மாதக்கணக்கில் நிற்கும் வண்டியின் டாங்க்கையும் ஃப்ளோட் கிண்ணத்தையும் வடித்துவிட்டுப் புதுப் பெட்ரோல் போடுங்கள்.

ஜெட் மாற்றுவதற்கு முன் எந்த ஜெட் எப்போது வேலை செய்கிறது என்று தெரியவேண்டும். ஐடிலிலிருந்து அரைக்கால் திருகல் வரை பைலட் ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும். கால் முதல் முக்கால் வரை நீடில். முக்காலுக்கு மேல்தான் மெயின் ஜெட். வரப்பில் ஊர்கிற வண்டி மெயின் ஜெட்டை எட்டுவதே இல்லை. ஆனால் பட்டறைகளில் முதலில் மாறுவது அதுதான். கரி குறையாது, வேகமாகப் போகும் நாளில் பெட்ரோல் பற்றாமல் பிஸ்டன் மட்டும் பிடித்துக்கொள்ளும்.

நான் அதிகம் சந்தேகப்படுவது நீடிலையும் அது நுழையும் நீடில் ஜெட்டையும்தான். தூசியோடு பல வருடம் மேலும் கீழும் உரசி, ஜெட்டின் வாய் வட்டத்திலிருந்து முட்டை வடிவமாகிவிடும். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து லென்ஸ் வைத்துப் பார்த்தால் தெரியும். நீடிலிலும் ஒரு பக்கம் மட்டும் பித்தளை மின்னும். இந்தத் தேய்மானம் பாதித் திருகலில் பெட்ரோலை அள்ளி விடும். நீடில் கிளிப்பை ஒரு பள்ளம் மேலே மாற்றினால் நீடில் கீழிறங்கிக் கலவை மெலியும். அது தற்காலிகம்; இரண்டையும் ஜோடியாக மாற்றுவதே வழி.

கலவை சரியாகிவிட்டதா என்று பார்க்க ஒரு சோதனை. ஆக்சிலேட்டர் பிடியில் டேப் ஒட்டி, கால், அரை, முழு என்று கோடு போடுங்கள். இஞ்சினைச் சூடாக்கி, புதுப் பிளக் மாட்டி, ஒரு கோட்டிலேயே ஒரு கிலோமீட்டர் ஓட்டுங்கள். கிளட்ச்சைப் பிடித்து அதே நொடியில் இஞ்சினை அணைத்து ஓரங்கட்டிப் பிளக்கைப் பாருங்கள். ஐடிலில் ஓட்டிக்கொண்டே வந்து நிறுத்தினால் பிளக் ஐடிலின் கதையைத்தான் சொல்லும். இதற்கு ஆளில்லாத நேரான கிராமத்து ரோடும் விடியற்காலையும் வேண்டும். திண்டிவனம் ரோட்டில் பேருந்துகளுக்கு நடுவே செய்யாதீர்கள். செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி, கிருஷ்ணகிரி அடிவாரத்து மண்பாதைகளும் வேண்டாம். அது தொல்லியல் துறையின் காவலில் உள்ள இடம்; 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. வண்டிச் சக்கரம் அங்கே படவேண்டியதில்லை.

பொறி பலமாக இருக்கிறதா

காயில், பிளக் கேப், வயர், எர்த் எதில் குறை இருந்தாலும் பொறி மெலியும். மெலிந்த பொறியால் கலவை முழுதாக எரியாது, கரி வளரும், பிறகு கரி பொறியை இன்னும் மெலிக்கும். பிளக்கை வெளியே எடுத்து ஃபின் மேல் அழுத்தி வைத்து உதைத்தால் நீலப் பொறி பட்டென்று வரவேண்டும். மஞ்சளாக மெல்லியதாக வந்தால் சந்தேகம். இரண்டு எச்சரிக்கைகள். பிளக் உடம்பு இஞ்சின் உலோகத்தில் பட்டிருக்கவேண்டும், இல்லாவிட்டால் சிடிஐ பழுதாகலாம். பிளக் ஓட்டையிலிருந்து தள்ளி வையுங்கள், அங்கிருந்து பெட்ரோல் ஆவி வரும். வெளியே பொறி வருவதால் உள்ளேயும் வரும் என்று உறுதி இல்லை. உள்ளே அழுத்தம் அதிகம்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் மட்டும் அடைக்கிறது என்றால் பிளக் கேப்பின் ரப்பரைப் பாருங்கள். வயர் நுனியை அரை அங்குலம் வெட்டிப் புதிதாகத் திருகினாலே பல வண்டிகள் சரியாகும்.

சூட்டு எண்

கடைசியாகத்தான் இதைத் தொடவேண்டும், ஆனால் எல்லோரும் முதலில் தொடுகிறார்கள். "ஹாட் பிளக் போடு" என்பது எளிய அறிவுரை. எண்களில் ஒரு கண்ணி இருக்கிறது: என்ஜிகேயில் எண் கூடினால் பிளக் குளிர், போஷில் எண் கூடினால் பிளக் சூடு. என்ஜிகே 7க்குப் பதில் அதே 7 என்று போஷில் வாங்கினால் வேறொரு பிளக்கைப் போடுகிறீர்கள். கையேட்டில் உள்ள எண்ணிலிருந்து ஒரு படிக்கு மேல் நகராதீர்கள். கோடையில், முழுச் சுமையில், ஹாட் பிளக் பிஸ்டனைத் துளைக்கும்.

பிளக்கைச் சுத்தம் செய்ய பழைய பல் பிரஷ்ஷும் பெட்ரோலும் போதும். கம்பி பிரஷ் பீங்கான் மேல் உலோகக் கோடு போடும். உப்புத்தாள் கீறலில் கரி மறுபடி வேகமாக ஒட்டும். இடைவெளியை ஃபீலர் கேஜ் வைத்துக் கையேட்டின் அளவுக்குச் சரிசெய்யுங்கள். இந்த வண்டிகளில் பெரும்பாலும் 0.6, 0.7 மில்லிமீட்டர்.

கியர் ஆயில்

பத்து நாள் கழித்து அந்த விவசாயி கொண்டுவந்த பிளக்கை மூக்கருகே கொண்டுபோனேன். 2டி ஆயில் எரிந்த வாசனை கொஞ்சம் இனிப்பாக இருக்கும். இதில் காரமான, கந்தகம் கலந்த வாசனை. அப்போதுதான் அவர் முன்பு சொன்ன ஏரிக்கரை நினைவுக்கு வந்தது.

டூ-ஸ்ட்ரோக்கில் கிராங்க் கேஸே பம்ப் மாதிரி காற்றை இழுத்துத் தள்ளுகிறது. கிராங்க்கின் இரு முனையிலும் ஆயில் சீல் உண்டு. மேக்னெட் பக்கத்துச் சீல் போனால் வெளிக்காற்று நுழையும். கலவை மெலியும், பிளக் வெளுக்கும், ஐடில் தானாக ஏறும். கிளட்ச் பக்கத்துச் சீல் போனால் கியர் ஆயில் நுழையும், பிளக் நனையும். இறக்கத்தில் ஆக்சிலேட்டரை விட்டுவிட்டுக் கியரில் இறங்கும்போது உள்ளே உறிஞ்சல் மிக அதிகம். அப்போதுதான் ஆயில் அதிகமாக ஏறும். ஏரிக்கரையிலிருந்து இறங்கி, கீழே மறுபடி திருகியதும் ஒரு பெரிய வெள்ளைப் புகை, அப்புறம் விக்கல்.

"எறங்குனதும் பின்னால வர்றவங்க திட்டுவாங்களா?" என்று கேட்டேன். "ஆமா தம்பி, கொசு மருந்து அடிக்கிறியான்னு கேப்பாங்க" என்றார்.

உறுதி செய்ய எளிய வழி அளப்பது. கியர் ஆயிலை முழுவதும் வடித்து, அளந்து புதிது ஊற்றினேன். வெளியே எங்கும் கசிவு இல்லை என்று துடைத்துக் காட்டினேன். இரண்டு வாரம் ஓட்டச் சொல்லி, மறுபடி வடித்தேன். ஊற்றியதில் கால் பங்கு காணவில்லை. கீழே ஒழுகாமல் குறைந்த ஆயில் போகக்கூடிய வழி ஒன்றுதான்.

சில வண்டிகளில் இந்தச் சீல் கிளட்ச்சைக் கழற்றினால் கைக்கு எட்டும். சிலவற்றில் கேஸையே பிரிக்கவேண்டும். வேலை தொடங்கும் முன் உங்கள் மாடல் கையேட்டைப் பாருங்கள், ஸ்க்ரூடிரைவரால் நெம்பிக் கேஸைக் கீறாதீர்கள். கேஸைப் பிரிக்கிறீர்கள் என்றால் இரண்டு சீலையும், பேரிங்கையும் சேர்த்தே பாருங்கள். பேரிங் ஆடினால் கிராங்க் ஆடும், புதுச் சீலும் சில மாதத்தில் கிழியும். அவருடைய வண்டியில் பேரிங் நன்றாக இருந்தது. பழைய சீலை வெளியே எடுத்து வளைத்தேன். ரப்பர் உதடு வளையவில்லை. அப்பளம் போல நொறுங்கியது.

சைலன்சரையும் அன்றே பார்த்தோம். உள்குழாயின் ஓட்டைகள் பாதிக்கு மேல் கரியால் மூடியிருந்தன. அத்தனை நாள் எரிந்த எண்ணெயெல்லாம் அங்கேதான் தங்கியிருந்தது. காஸ்டிக் சோடாக் கரைசலில் ஊறவைத்துக் கழுவினோம். இதைச் செய்பவர் கையுறையும் கண்ணாடியும் போட்டு, தண்ணீரில் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடவேண்டும். சோடா மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். அலுமினியப் பாகங்களை அந்த வாளிப் பக்கமே கொண்டுபோகக் கூடாது.

புதுப் பிளக் போட்டுக் கொடுத்தபோது, பழைய நான்கில் கொக்கி தேயாத இரண்டைப் பெட்ரோலில் கழுவி, இடைவெளி சரிசெய்து, அதே பாலிதீன் உறையில் போட்டு ஸ்பேராக வைத்துக்கொள்ளச் சொன்னேன். அடுத்த நெல் அறுவடைக்கு ஏர் ஃபில்டர் கழுவ வந்தபோதும் அந்த உறை அவர் சட்டைப் பையில் இருந்தது. இரண்டு பிளக்கும் கழுவின மேனிக்கு அப்படியே இருந்தன.